பெயிண்டைக் கடைசியில் பார்க்கலாம்: பழைய வண்டிக் கேள்விகளும் பதில்களும்

முப்பத்தெட்டு வருடமாக அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு, பழைய லேலண்டு என்று இவற்றின் அடியிலேயே படுத்துக் கிடக்கிறேன். போன வாரம் "கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி, "என்ன கலர் அடிக்கலாம்?" அதை அப்புறம் பார்ப்போம். மீதிக்கு இங்கே பதில்.

காரைக்குடியிலிருந்து ஒருவர்: அப்பாவின் மார்க் 2 அம்பாசிடர் 12 வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. புது பேட்டரி வாங்கிவிட்டேன். ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா அண்ணே?

பேட்டரியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம் தம்பி. இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். வருடக்கணக்காக நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கும். செல்ஃப் அடித்தால் ரிங் உடையும், இல்லை சுவரில் கோடு விழும். ரெண்டு ஸ்பூன் எண்ணெயில் முடிகிற வேலை அப்புறம் லேத்துக்குப் போய் போர் பண்ணுவதில் (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவதில்) வந்து நிற்கும்.

நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் ரெண்டு ஸ்பூன் விட்டு, மூன்று நாள் மறந்துவிடுங்கள். அந்த மூன்று நாளில் மற்றதைப் பாருங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்தால் எலிக்கூடு இருக்கும், பந்தயமே கட்டலாம். பழைய ஆயிலை இறக்கும்போது முதலில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். தண்ணீர் ஆயிலுக்கு அடியில்தான் நிற்கும். தெளிந்த தண்ணீர் வந்தால் ஹெட் கேஸ்கெட்டில் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகட்டில்) சந்தேகம் வைக்க வேண்டும். டேங்கில் இருப்பது இப்போது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். டேங்கையே இறக்கிக் கழுவுங்கள்.

மூன்றாம் நாள் வண்டியை நியூட்ரலில் வைத்து முன்னால் கையால் சுற்றும் ஹேண்டில் கம்பியைப் போட்டு மெதுவாக அழுத்துங்கள். கட்டை விரலை மற்ற நான்கு விரலோடு ஒரே பக்கம் வையுங்கள், கம்பியைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். இன்ஜின் உதைத்தால் முதலில் போவது அந்தக் கட்டை விரல்தான். ஒரு நூல் அசைந்தால்கூடப் போதும், அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் விடுங்கள். அசையவே இல்லையென்றால் பலம் காட்டாதீர்கள், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

தாராளமாகச் சுற்ற ஆரம்பித்த பிறகு பேட்டரிக்கு வாருங்கள். பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணைகிறதா (மீட்டர் என்றால் முள் எழுகிறதா) பாருங்கள். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டை வெட்டி வெட்டி விடும் பாயிண்டை எமரித் தாளில் லேசாகத் தேய்த்து இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். பிளக் வயர் வரிசை 1-3-4-2. பெட்ரோலைத் தனி கேனிலிருந்து கொடுங்கள்.

இவ்வளவு செய்து இன்ஜின் பாடினாலும் வண்டியை நகர்த்த வேண்டாம். 12 வருடம் நின்ற பிரேக்கில் வீல் சிலிண்டர் ஒன்று இறுகியிருக்கும், இன்னொன்று கசியும். ஓடுகிற சந்தோஷத்தில் தெருமுனை வரை போய், அங்கே நிற்காமல் சுவரில் போய் நின்ற வண்டிகளை என் ஷெட்டுக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். நான்கு டிரம்மையும் கழற்றி, சிலிண்டர் ரப்பர், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர், ரப்பர் ஹோஸ் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். பிரேக் ரப்பரைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவாதீர்கள், ஊதிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள். பிரேக் குழாயில் மாட்டிய காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் சக்கரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

சேலம்: பத்மினியில் ரெண்டாவது கியர் போட்டால் சில நேரம் விழுவதில்லை, ரிவர்ஸ் தேடினால் வேறு எங்கோ போகிறது. கியர் பாக்ஸை இறக்கச் சொல்கிறார்கள்.

இறக்காதீர்கள். ஸ்டியரிங்கோடு இருக்கும் கியர் கம்பியிலிருந்து பாக்ஸ் வரை வரும் இணைப்புகளில் மூட்டு ஆடாமல் பிடிக்கும் சின்னச் சின்னப் புஷ் வளையம் இருக்கும். அது தேய்ந்தால் ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம், எல்லாம் சேர்ந்து கையில் ஒரு சாண் ஆட்டம். இன்ஜினை நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்து, ஒருவரைக் கியரை ஆட்டச் சொல்லி நீங்கள் மூட்டைப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். புஷ் மாற்றி, கம்பியின் நீளத்தைச் சரிசெய்தால் பத்தில் எட்டு வண்டி சரியாகிவிடும். ஒன்றாவது கியர் மட்டும் கரகரத்தால் அது நோய் இல்லை. பழைய பத்மினியில் ஒன்றுக்கு சிங்க்ரோ (ஓடும்போதே கியரை உரசாமல் சேர்க்கும் அமைப்பு) கிடையாது, வண்டி முழுக்க நின்ற பிறகுதான் போட வேண்டும்.

சென்னை: ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கப் போகிறேன். பாகம் கிடைக்குமா, வேறு என்ன பார்க்க வேண்டும்?

நல்ல ஆசை. நம்ம ஊர் வண்டி அது, 1961-லிருந்து வண்டலூர் பக்கம் செய்தார்கள். மூக்கு மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே டேப்பெட் (வால்வு இடைவெளி) வைக்கலாம். இவ்வளவு சுகமாக வேலை பார்க்க விடும் வண்டி வேறு இல்லை. பாகத்துக்குப் புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் நடக்க வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் டிரயம்ப் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் ஏராளம் என்பதால் அங்கிருந்தும் தருவிக்கலாம்.

ஆனால் வாங்கும் முன் ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்குக் கொடுக்க வேண்டியது கிரீஸ் இல்லை, 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கன்னில் ஆயிலை நிரப்பித்தான் அடிக்க வேண்டும். கிரீஸ் போட்டால் நாளடைவில் சோப்புக் கட்டிபோல இறுகி, புதிதாக அடிக்கும் எதையும் உள்ளே விடாது. மரை காய்ந்து துருப்பிடித்து, ஒரு நாள் வண்டியைத் திருப்பும்போது படக்கென்று ஒடியும். சக்கரம் வண்டிக்கு அடியில் மடிந்து படுத்துக்கொள்ளும்.

நான் வேலை பழகிய ஷெட்டில் அப்படி ஒரு ஹெரால்டு வாசலிலேயே உட்கார்ந்தது. ஒடிந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முக்கால் பாகம் பழைய கறுப்புத் துரு, கால் பாகம்தான் புது வெள்ளை உடைப்பு. ரொம்ப நாளாக அந்தக் கால் பாகத்தில்தான் ஓடியிருக்கிறது. அதற்கு முந்தின மாதம் அதே வண்டிக்குப் பெயிண்ட் அடித்து, குரோமியம் பூசி, சீட்டு தைத்திருந்தார்கள். நீங்கள் வாங்கியதும் ரெண்டு பக்கமும் கழற்றிப் பாருங்கள். இடது வலது மரை எதிரெதிர்த் திசையில் இருக்கும், மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

மதுரை: வெயிலில் டிராஃபிக்கில் நின்றால் அம்பாசிடர் அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து எடுக்கிறது.

ரெண்டு காரணம் இருக்கலாம், ரெண்டும் ஒரே மாதிரி நடிக்கும். ஒன்று, பெட்ரோல் பம்பிலோ குழாயிலோ சூட்டில் ஆவியாகிக் காற்று அடைத்துக்கொள்வது. இன்னொன்று, பிளக்குக்குப் பொறி உண்டாக்கும் காயிலோ கண்டென்சரோ சூட்டில் செத்துப்போவது. அணைந்த உடனே, ஆறுவதற்குள் சோதிக்க வேண்டும். டிக்கியில் ஒரு உபரி பிளக் வைத்திருங்கள். ஒரு வயரை அதில் மாட்டி, பிளக்கின் உடம்பை இன்ஜினில் ஒட்டவைத்து செல்ஃப் அடியுங்கள், பெட்ரோல் ஒழுகாத இடமாகப் பார்த்து. நீலப் பொறி பளிச்சென்று வந்தால் குற்றவாளி பெட்ரோல். மஞ்சளாகச் சோம்பலாக வந்தால், அல்லது வரவே இல்லையென்றால், முதலில் கண்டென்சரை மாற்றுங்கள், விலை குறைவு.

பெட்ரோல்தான் என்றால் பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் அப்போதைக்குப் போகும், டாக்ஸிக்காரர்கள் காலங்காலமாகச் செய்தது. நிரந்தரத்துக்கு, சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகும் குழாயைத் தள்ளி அமையுங்கள், நடுவில் ஒரு தகடு மறைப்பு கொடுங்கள்.

கோவை: 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய கார்புரேட்டரைக் கெடுக்குமா?

கார்புரேட்டரை விட ரப்பரைத்தான் முதலில் தின்னும். பழைய பெட்ரோல் ஹோஸ் உள்ளே பிசுபிசுத்து, வெளியே வெடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்கி மொத்தமாக மாற்றுங்கள். இன்ஜின் சூட்டுக்கு நடுவில் பெட்ரோல் ஒழுகினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தண்ணீரை இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்க் துருப்பிடிக்கும். நிறுத்தி வைப்பதானால் பெட்ரோலை இறக்கிவிடுங்கள்.

அப்புறம் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை கொஞ்சம் மெலியும். எஸ்யூ வகைக் கார்புரேட்டர் என்றால் சோதிப்பது சுலபம். இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நிலைத்தால் கலவை கெட்டி (பெட்ரோல் அதிகம்). லேசாக ஏறி இறங்கினால் சரி. விழுந்து அணையப் பார்த்தால் மெலிவு. மெலிவாக இருந்தால் அடியில் இருக்கும் ஜெட் நட்டை ஒரு பட்டை (நட்டின் ஒரு பக்க அளவு) கீழே இறக்கி, மறுபடி தூக்கிப் பாருங்கள்.

திருச்சி: 60களின் வண்டி. புது எலக்ட்ரீஷியன் பேட்டரி மாற்றியதும் ஆம்மீட்டர் தலைகீழாகக் காட்டுகிறது.

அவர் மேல் தப்பில்லை, இந்தக் காலத்துப் பிள்ளை. அந்தக் கால இங்கிலீஷ் வண்டிகளில் பிளஸ்தான் பாடியில் எர்த். பழையபடி மாற்றிப் போடுங்கள். பேட்டரியில் தடித்த குமிழ் பிளஸ், மெலிந்தது மைனஸ். மாற்றிப் போட்ட நிலையில் ஓட்டியிருந்தால் டைனமோவுக்கு மறுபடி திசை காட்ட வேண்டியிருக்கும், அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ரேடியோ இருந்தால் அதற்கு அஞ்சலி.

தஞ்சாவூர்: அம்பாசிடர் பாடி துரு. எங்கே தொடங்குவது?

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, வண்டியைச் சுற்றி வாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் பள்ளத்தை மறைக்கப் பூசிய பட்டி. கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டிதான் முக்கியம். அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்பு. அந்தப் பெட்டியை வெட்டும் முன் கதவு இடைவெளியில் எல் ஆங்கிளைக் குறுக்கே வெல்டு வைத்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்து, அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் மூடாது.

கரூர்: பழைய லேலண்டு பஸ் ஒன்றைப் புதுப்பிக்கிறோம். ராத்திரி நிறுத்தினால் காலையில் ஏர் இல்லை.

பஸ் பாடிக்கு ஊரே பேர் போன இடத்திலிருந்து என்னைக் கேட்கிறீர்கள்! சரி, சோப்புத் தண்ணீரும் பிரஷும் எடுங்கள். ஏர் முழுக்க ஏற்றி இன்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். குமிழ் வராவிட்டால் ஒருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி தடவுங்கள். அப்போது மட்டும் கசிந்தால் பிரேக் சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம்தான் காரணம். ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் இறக்குங்கள். பாடியில் அலுமினியத் தகட்டை நேரே இரும்புச் சட்டத்தில் ரிவெட் அடிக்காதீர்கள், நடுவில் பெயிண்டோ ரப்பர் பட்டையோ வேண்டும். ரெண்டு உலோகம் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

நாமக்கல்: தாத்தா லாரியின் முகப்பில் பென்ஸ் நட்சத்திரம் இருக்கிறது. யாராவது ஒட்டியதா?

அசலாகவே இருக்கலாம். டெல்கோ (இன்றைய டாட்டா மோட்டார்ஸ்) 1954-லிருந்து டைம்லர் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்தது, அந்த ஒப்பந்தம் 1969 வரை. நம்ம ஊர்ப் பெரியவர்கள் டாட்டாவை இன்னும் "பென்ஸ் லாரி" என்பது அதனால்தான். ஆர்சியில் வருடத்தைப் பாருங்கள்.

புதுச்சேரி: 50 வருடம் தாண்டிய கார். விண்டேஜ் பதிவு வாங்கலாமா?

2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதி அது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். ஆனால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு என்ற அளவில்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் வண்டி என்றால் சாதாரண ஆர்சியையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு போவதுதான் என் யோசனை.

ஈரோடு, கல்லூரி மாணவி: வேலை பழக எந்த வண்டி நல்லது சார்? என்ன டூல்ஸ் வாங்க?

அம்பாசிடர்தான் பாப்பா. பானெட்டுக்குள் இறங்கி நிற்காத குறையாக இடம் இருக்கும். பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு அங்குலக் கணக்கு ஸ்பேனர்: 7/16, 1/2, 9/16 மூன்றும் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றலாம். அதில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டி போல்ட் முனையை வழுக்கிவிடாதே. பத்மினி என்றால் மில்லிமீட்டர். அப்புறம் ஒரு பெரிய அட்டை வாங்கு. வாட்டர் பம்ப்பைக் கழற்றினால் அதன் வடிவத்தை அட்டையில் வரைந்து, போல்ட்டை எடுத்த இடத்திலேயே குத்தி வை. ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று இருக்கும். நீளத்தைக் குட்டையின் இடத்தில் முறுக்கி நான் ஒரு பிளாக்கை விரிசல் விட்டபோது எனக்கு வயது பதினேழு, மாமா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.