‘ஓல்டு ஈட்டோனியன்’ முதியவர் அல்லர்

ஒரு வாழ்க்கை வரலாற்றை மொழிபெயர்க்கும்போது ‘ஓல்டு ஈட்டோனியன்’ என்பதை ‘முதிய ஈட்டோனியர்’ என்று எழுதியதாகவும், அந்த மனிதருக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான் என்பது இடிப்பதாகவும் கேட்டிருந்தீர்கள். உங்கள் சந்தேகம் சரியானது. ‘ஓல்டு’ இங்கே வயதைச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் படித்து வெளியேறியவர் என்று மட்டுமே பொருள். ‘ஈட்டன் பள்ளியின் முன்னாள் மாணவர்’ என்று எழுதிவிடுங்கள். ஹாரோ பள்ளியில் படித்த நேருவை ‘ஓல்டு ஹாரோவியன்’ என்பதும் இப்படித்தான்.

அடுத்த பக்கங்களில் ‘ஆப்பிடன்’ வந்தால் கவனமாக இருங்கள். 1440-இல் ஆறாம் ஹென்றி தொடங்கிய ஈட்டனில் அரசரின் உதவித்தொகை பெறும் எழுபது பேர் பள்ளிக் கட்டடத்திலேயே தங்குவார்கள். மற்றவர்கள் ஊருக்குள் தங்கிப் படித்தவர்கள்; அவர்கள்தான் ‘ஆப்பிடன்’. ஊர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ‘ஊர்விடுதி மாணவர்’ என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் இடத்தில் மூலச்சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘வெளி மாணவர்’ மட்டும் வேண்டாம். தினமும் வீடு திரும்புபவர் என்று வாசகர் நினைத்துவிடுவார்.

வின்செஸ்டர் பள்ளியில் படித்தவர்கள் ‘விக்கமிஸ்ட்’ ஆவது ஊர்ப் பெயரால் அல்ல, நிறுவனர் வில்லியம் ஆஃப் விக்கமின் பெயரால்.