போனில் பார்க்கும் ஆராதனை போதுமா?

தங்கச்சி, ரொறன்ரோவுக்கு வந்து நாலு மாதம், ஞாயிறும் வேலை, மட்டக்களப்பு கல்லடியில் போய்வந்த சபையின் ஆராதனையைப் போனில் நேரலையாகப் பார்க்கிறேன், இங்கே முகம் தெரியாத ஆட்களோடு போய் இருக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டும் என்றுதான் சொல்வேன். நேரலையை விடவேண்டாம். ஊர்ச் சபையின் பாட்டுச் சத்தம் காதில் விழுவதே பெரிய ஆறுதல். ஆனால் அங்கே காலை 8 மணி ஆராதனை, குளிர்காலத்தில் நமக்குச் சனி இரவு 9.30. வேலை முடிந்து வந்து கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்ப்போம். பாதியில் தூங்கிப்போனாலும் யாருக்கும் தெரியாது. அந்த ‘யாருக்கும் தெரியாது’தான் எனக்குப் பயம்.

புளியந்தீவில் ஞாயிறு பாடசாலை படிப்பித்த நான், இங்கே வந்து முதல் ஐந்து மாதம் ஒரு ஆராதனைக்கும் போகவில்லை. தனியே வேதம் வாசித்தேன், செபித்தேன். விசுவாசம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் என் செபத்தில் என் கவலையைத் தவிர வேறு யாருடைய பெயரும் வருவதில்லை என்று ஒருநாள் கவனித்தேன். உண்மையில் அது என்னை உலுக்கிவிட்டது.

அப்புறம் பஸ்ஸில் பழக்கமான கல்முனை அக்கா ஒருவர் தன் வீட்டுச் செபக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். மூன்றாவது கிழமை காய்ச்சல், போகவில்லை. மறுநாள் கொத்தமல்லித் தண்ணியோடு வாசலில் நிற்கிறார். “நேற்று உன்ட கதிரை சும்மா கிடந்திச்சு புள்ள” என்றார். இந்த நாட்டில் நான் இல்லாததை ஒருவர் கண்டது அதுதான் முதல் தடவை.

நம்ம மெதடிஸ்த சபையின் வகுப்புக் கூட்டம் தொடங்கியதும் இப்படித்தான். 1742இல் இங்கிலாந்தின் பிறிஸ்டலில், கட்டடக் கடனை அடைக்க, ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் என்று வீடு வீடாகப் போய் வாரம் ஒரு பென்னி சேர்த்தார்கள். போன இடத்தில் யார் என்ன நிலைமையில் இருக்கிறார் என்பது தெரியவந்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதையே ஒருவரையொருவர் விசாரிக்கும் கூட்டமாக்கினார். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மிஷனரி வில்லியம் ஓல்ட் அந்த வழியில் வந்தவர். கப்பலிலேயே மனைவியை இழந்து தனியாக வந்து இறங்கினார், ஒரு வருடம் முடியுமுன் அவரும் இறந்தார். ஊரில் இருந்தவரை அவருடைய தனிமையை நான் நினைத்துப் பார்த்ததேயில்லை.

2019 உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது அங்கே காலை ஒன்பது மணி கடந்திருந்தது. இங்கே சனி இரவு பதினொன்றரை. எனக்கு முதலில் போன் எடுத்தது அந்த அக்காதான். நள்ளிரவு தாண்டி எட்டுப் பேர் அவருடைய ஹோலில் இருந்தோம். செபிக்க ஒருவருக்கும் வார்த்தை வரவில்லை. ஞாயிறு பாடசாலை முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகளை நினைத்து அழுதோம். விடியும்வரை யாரும் எழும்பிப் போகவில்லை.

வேலை விஷயம். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் மத நம்பிக்கையையும் பாதுகாக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது காலையில் விடுங்கள் என்று மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. ஞாயிறில் சுரங்க ரயில் காலை 8 மணியளவில்தான் ஓடத் தொடங்கும், அதைப் பார்த்துப் புறப்படுங்கள். ஞாயிறு கிடைக்கவே இல்லையா, கிழமை நாளில் ஒரு வீட்டுக் கூட்டம் போதும். இரண்டு மூன்று பேர் கூடினாலே நடுவில் இருப்பேன் என்று சொன்னவர் ஆண்டவர். ஒரே இடத்துக்கு நாலு கிழமையாவது போங்கள். ஒரு தரம் போய்விட்டுப் பிடிக்கவில்லை என்று விட்டால், முகங்கள் பழக நேரமே இருக்காது.

எங்கள் வீட்டில் வெள்ளி இரவு 7 மணிக்குக் கூட்டம். ஸ்காபரோ பக்கம் என்றால் நானே காரில் வந்து ஏற்றுகிறேன். பனிச் சப்பாத்து இன்னும் வாங்கவில்லை என்றால் கால் அளவைச் சொல்லுங்கள், மகளுடையது ஒரு சோடி இருக்கிறது.