சாட்ஸ்வர்த் குறும்படத்துக்குக் கேட்ட கூட்டுநிதி சேரவில்லை: மறுபடி கேட்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியின் சுருக்கம்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த் பகுதிக் குறும்படத்துக்காக, லண்டனில் இருக்கும் உங்கள் மச்சான் பெயரில், பலரிடம் சிறு தொகையாகப் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 20,000 பவுண்ட் கேட்டீர்கள். 60 நாளில் 61 பேர் சேர்ந்து 2,200 பவுண்ட் தருவதாகச் சொன்னார்கள். எங்கே பிசகியது?

முதலில் அந்த 61 பேருக்கு எழுதுங்கள். இலக்கு எட்டாவிட்டால் அந்தத் தளம் யார் கார்டிலும் பணம் எடுக்காது, உங்களிடமும் கட்டணம் கேட்காது. இது தெரியாமல் "காசு போச்சு" என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டு நாளுக்குள் மூன்று வரி போதும். அடுத்த முறை முதல் நாள் வரப்போவது இவர்கள்தான்.

இப்போது கணக்கு. 2,200ஐ 61ஆல் வகுத்தால் ஆளுக்கு 36 பவுண்ட். அந்த வீதத்தில் 20,000 வர ஏறக்குறைய 555 பேர் வேண்டும். பக்கத்தைத் திறக்கும் முன் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? படச் செலவைக் கூட்டி அதையே இலக்காக வைப்பதுதான் வழக்கமான தப்பு. கையில் உள்ள பெயர்ப் பட்டியலிலிருந்து இலக்கைப் பிடிக்க வேண்டும். போதாத தொகைக்கு ஏற்றபடி கதையை வெட்டுங்கள், அல்லது படப்பிடிப்பை வேறு வழியில் முடித்துவிட்டு எடிட்டிங், ஒலிக்கு மட்டும் கேளுங்கள். எடுத்து முடித்த இரண்டு நிமிடக் காட்சி எந்த வாக்குறுதியையும் விட அதிகம் பேசும்.

அடுத்து, தளத்தின் டாஷ்போர்டைத் திறங்கள். பார்வையாளர் நிறைய வந்தும் பணம் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் திட்டப் பக்கத்தில்தான். வீடியோவை எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள் என்பதும் அங்கேயே இருக்கும். பார்வையாளரே வரவில்லை என்றால் வீடியோவை மாற்றிப் பயனில்லை, ஆள் சேர்க்கவில்லை என்று பொருள். எந்த இணைப்பிலிருந்து வந்தார்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் முகநூல் லைக் காசாவதில்லை, தனி வாட்ஸ்அப் செய்திதான் ஆகிறது.

பக்கம் முழுக்கத் தமிழ் எழுத்தில் இருந்ததா? டர்பன் பக்கம் தமிழர் வீடுகளில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். பாட்டி பேசும் தமிழில் உருகுவார்கள், எழுத்தை வாசிக்க முடியாது. வீடியோ தமிழில் இருக்கட்டும், சப்டைட்டிலும் பக்கமும் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

60 நாள் அந்தத் தளத்தின் உச்சவரம்பு, உங்களுக்கு அது பாரம். பணம் முதல் வாரமும் கடைசி வாரமும்தான் வரும், நடுவில் பக்கம் தூங்கும். ஒரு மாதம் போதும். தென்னாப்பிரிக்காவில் பலருக்குச் சம்பளம் 25ஆம் தேதி வாக்கில் விழும். 26இல் தொடங்கி அடுத்த மாதம் 27இல் முடித்தால் இரண்டு சம்பளம் அகப்படும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை வேண்டாம்: விடுமுறைச் செலவு, பிறகு பள்ளிக் கட்டணம், யூனிஃபார்ம். புரட்டாசிச் சனிக்கிழமை நல்ல நாள், கோயில் கமிட்டியிடம் கேட்டு வாசலில் க்யூஆர் அட்டை வைக்கலாம்.

டி-ஷர்ட் பரிசை எடுத்துவிடுங்கள். 400 ராண்டுக்கு (தென்னாப்பிரிக்கப் பணம்) ஒன்று என்று வைத்தால், தைத்து அச்சடிக்க 130, கூரியர் 100, தளக் கட்டணம் 35 போக மிஞ்சுவது 135. பெயர் போடுதல், படத்தின் இணைப்பு, திரையிடலுக்கு இரண்டு இருக்கை ஆகியவற்றுக்குச் செலவு சொற்பம். கிக்ஸ்டார்ட்டர் 5%, கார்டு செலவு 3%, அதற்கு மேல் ஆளுக்கு 20 பென்ஸ். நீங்கள் கேட்ட 20,000 முழுதாக வந்திருந்தாலும் 1,700க்கு மேல் அங்கேயே போயிருக்கும்.

மச்சான் விஷயம் இன்னும் சிக்கல். தென்னாப்பிரிக்காவிலிருந்து அந்தத் தளத்தில் நேராகத் திட்டம் திறக்க முடியாது என்பதால் பலரும் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் பணம் அவர் கணக்கில் விழும், வரிக் கேள்வியும் பரிசு தரும் பொறுப்பும் அவருக்கு. அவர் படத்தில் உண்மையான தயாரிப்பாளராக இருந்தால் சரி, எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். இல்லையென்றால் பேக்கபட்டி போன்ற உள்ளூர்த் தளத்தில் ராண்டிலேயே வாங்கலாம், சாட்ஸ்வர்த் அத்தைக்கும் அது பழகிய வழி. அங்கே இலக்கில் பாதி வந்தாலும் பணம் உங்கள் கைக்கு வந்துவிடும் என்பதால், பாதிப் பணத்தில் எதை முடித்துத் தருவீர்கள் என்பதை முதல் நாளே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.