தத்தெடுத்த நாய் தப்பி ஓடிவிட்டது, கூப்பிட்டாலும் வருவதில்லை. எப்படிப் பத்திரமாகப் பிடிப்பது?

நாய் உங்களிடம் வந்து சில வாரங்களே ஆயின என்று எழுதியிருக்கிறீர்கள். இந்நேரம் குடும்பத்தோடு தெருத்தெருவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை உடனே நிறுத்துங்கள். அடிபட்டும் அடைபட்டும் மீட்கப்பட்ட நாய் வெளியே தனியாக மாட்டிக்கொண்டால், தன்னைத் தேடுகிறவர் யார், துரத்துகிறவர் யார் என்று பிரித்தறியும் நிலையில் இருப்பதில்லை; சோறு வைத்தவரைக் கண்டே ஓடும். முதலில் கட்டுப்படுத்த வேண்டியது சுற்றியுள்ள மனிதர்களைத்தான்.

நான் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில், செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில். எங்கள் நாய் செவலை தீபாவளிக்கு முந்தின இரவு பின்வீட்டு வெடிச் சத்தத்தில் மிரண்டு, பட்டையை உருவிக்கொண்டு தோட்டத்துக்குள் பாய்ந்துவிட்டது. மார்புவார் போட்டிருக்கலாமே என்று கருத்து எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: போட்டிருந்தது. உயிர்ப்பயத்தில் பின்னுக்கு இழுக்கும் நாய்க்கு அதுவும் கழன்றுவிடும்.

அன்றிரவே யாரோ குடியிருப்பாளர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் படத்தைப் போட, இளைஞர்கள் மோட்டார்களில் கைவிளக்கோடு கிளம்பிவிட்டார்கள். நல்ல மனத்தோடுதான் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வாய்க்கால் ஓரத்தில் பதுங்கியிருந்த நாய் அந்த வெளிச்சத்திலும் கூச்சலிலும் இன்னும் உள்ளே போய்விட்டது. போதாததற்கு, அதை எங்கே பார்த்தோம் என்று இடத்தோடு எழுதியும் விட்டார்கள்; மறுநாள் தீபாவளிக்கு வந்திருந்த விருந்தாளிகள்கூட வேடிக்கை பார்க்கக் கிளம்பினார்கள். கண்டால் கிட்டே போகாமல் எனக்கு மட்டும் தொலைபேசியில் சொல்லுங்கள் என்று நான் எழுதியதற்கு, உதவ வந்தவர்களை அவமதிப்பதாக ஒருவர் கோபித்துக்கொண்டார். அந்தக் கோபம் இன்றுவரை தீரவில்லை. திருமண அழைப்பிதழ்கூட எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது.

உண்மையில் உதவியவர் தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்டும் ஓர் அண்ணன். விடியற்காலைப் பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து செம்பனைக் காட்டுக்குள் போகிறவர்கள் கண்ணில்தான் இப்படிப்பட்ட நாய் படும், ஏனென்றால் அது நடமாடுவது பெரும்பாலும் அதிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான். "டீச்சர், உங்க நாய் மட்டை அடுக்குக்குள்ள படுத்திருக்கு. தனியா வாங்க, பேசாம வாங்க" என்றார். தோட்டம் தனியார் நிலம் என்பதால், அலுவலகத்தில் அனுமதி கேட்டு, ஜாகாவிடமும் (காவலாளி) சொல்லிவிட்டுத்தான் போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கூடவே, எந்தக் காட்டில் எலிமருந்து வைத்திருக்கிறார்கள், காட்டுப்பன்றிக்கு எங்கே கண்ணி இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு செய்ததெல்லாம் பொறுமையைச் சோதிக்கும் வேலை. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், தக்காளிச் சாற்றில் ஊறிய சாடின் மீனைச் சோற்றில் பிசைந்து வைத்து, நான் உடுத்திக் கழற்றிய துவைக்காத கைலியையும் பக்கத்தில் போட்டேன். நாய் தென்பட்டபோது அதன் கண்ணைப் பார்க்காமல், பெயர் சொல்லாமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து நானே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். எங்கள் கிழட்டு நாயையும் கயிற்றில் பிடித்துப் போனது பலன் தந்தது. மனிதரை நம்பாத நாய் இன்னொரு நாயை நம்பும். ஆனாலும் கைக்கு எட்டும் தூரத்துக்குச் செவலை வரவில்லை. எட்டிப் பிடிக்கலாமா என்று ஆசை வரும். கை நழுவினால் அந்த இடத்துக்கே அது திரும்பாமல் போகலாம் என்பதால் நான் முயலவில்லை.

ஆகவே ஈப்போவில் விலங்குகளை மீட்கும் ஓர் அம்மாவிடம் பெட்டிக்கூண்டு இரவல் வாங்கினேன். கூண்டை வைத்தவுடன் பொறியை ஏற்றாதீர்கள். கதவைத் திறந்தபடி கட்டிவைத்து, உணவை நாளுக்கு நாள் உள்ளே தள்ளி, நாய் தயங்காமல் பின்சுவர் வரை போய்த் தின்னப் பழகிய பிறகே ஏற்ற வேண்டும். நிழலில் வைக்க வேண்டும், மிதித்ததும் கதவை விழவைக்கும் அடித்தகட்டின் மீது மண்ணோ சருகோ பரப்ப வேண்டும், பார்வைக்கு எட்டும் தூரத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும். வெயிலும் கட்டெறும்பும் மலைப்பாம்பும் உள்ள இடத்தில் அடைபட்ட நாயைத் தனியே விடுவது கொலைக்குச் சமம். எங்களுக்கு முதலில் சிக்கியது ஒரு முசாங் (மரநாய்). திறந்துவிட்டு மீண்டும் வைத்தோம்.

சுருக்குக் கம்பி போட்டால் ஒரே இரவில் பிடித்துவிடலாம் என்று ஒருவர் அக்கறையோடு யோசனை சொன்னார். கழுத்திலோ வயிற்றிலோ கம்பி இறுகிய நாயைக் காப்பாற்றுவது கடினம். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 வெள்ளி (ரிங்கிட்) முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். "ஒரு தெருநாய்க்கா இவ்வளவு?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை, இங்கே கேட்கப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இடையில் நகராண்மைக் கழகத்துக்கு நேரில் போய், உரிமச் சீட்டையும் படத்தையும் காட்டி வையுங்கள். தெருவில் பிடிபட்ட நாயை அவர்கள் வைத்திருக்கும் காலம் இடத்துக்கு இடம் மாறும், தொலைபேசியில் கேட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

பிடிபட்டதும் மகிழ்ச்சியில் கூண்டை அங்கேயே திறந்துவிடாதீர்கள். துணி போட்டு மூடி, கூண்டோடு வீட்டுக்குள் கொண்டுபோய், அறைக்கதவையும் சன்னலையும் சாத்திய பிறகே திறக்க வேண்டும். மறுநாளே கால்நடை மருத்துவரிடம் காட்டி, உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிச்சிறுநீர்க் காய்ச்சலுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். செம்பனைக் காட்டில் இருந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அங்கே வைக்கும் எலிமருந்துகளில் பல இரத்தத்தை உறையவிடாதவை. அதைத் தின்ற நாய் சில நாள் நன்றாக ஓடியாடிவிட்டுப் பிறகே ஈறு வெளுத்துச் சோர்ந்து விழும். உரிய நேரத்தில் வைட்டமின் கே1 கொடுத்தால் பிழைக்கலாம், ஆனால் வாரக்கணக்கில் விடாமல் கொடுக்க வேண்டும். கூண்டைக் கழுவிக் காயவைத்து உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் கொண்டுபோனபோதே அதற்காக இன்னொருவர் வாசலில் நின்றிருந்தார்.