கண்ணீர் வராத ஜெபம்

கேள்வி: "அக்கா, எனக்கு 47 வயது. சபையிலேயே வளர்ந்தவள். முன்பெல்லாம் அதிகாலை நாலு மணிக்கு முழங்கால் போட்டால் கண்ணீர் தானாக வரும். ஆண்டவர் பக்கத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும். மாமியார் படுக்கையில் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும். இப்போது ஒன்றரை வருஷமாக ஜெபத்தில் ஒன்றுமே இல்லை. வாய் பேசுகிறது, உள்ளே கட்டை மாதிரி கிடக்கிறது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லாரும் அழுகிறார்கள், நான் மட்டும் காய்ந்த கண்ணோடு உட்கார்ந்திருக்கிறேன். 'மறைவான பாவம் இருக்கும், ஆராய்ந்து பார்' என்று ஒரு சகோதரி சொன்னார். டிவியும் பிடிக்கவில்லை, ஊர்ப் பேச்சும் பிடிக்கவில்லை. அவர் வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. நான் பின்வாங்கிப் போனேனா? இன்னொன்று. இயேசுவை 'நேசரே' என்று பாடினால், கல்லூரியில் படிக்கும் என் மகள் 'காதல் பாட்டு மாதிரி இருக்கும்மா' என்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆண்டவர் என்னை மறந்துவிட்டாரோ?"
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நோட்டுத்தாளில் முன்னும் பின்னும் நெருக்கி எழுதியிருந்தீர்கள். கடைசி வரிக்கு இடம் இல்லாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருக்கிறீர்கள். "ஆண்டவர் என்னை மறந்துவிட்டாரோ?" அந்த ஒரு வரியில் மட்டும் பேனா அழுந்திப் பதிந்திருக்கிறது. மறுபக்கம் தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரிகிறது. அதனால் அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கேள்வி வேதத்திலேயே இருக்கிறது. 42-ஆம் சங்கீதம், 9-ஆம் வசனம்: "ஏன் என்னை மறந்தீர்?" உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதம்தான். "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்ற முதல் வசனத்தை மான் படம் போட்டுக் காலண்டரில் அச்சடிக்கிறோம், சுவரில் மாட்டுகிறோம், பாட்டாகவும் பாடுகிறோம். ஒன்பதாம் வசனம் போட்ட காலண்டரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் மானைப் பற்றிப் பாடிய அதே வாய்தான் எட்டு வசனம் தள்ளி இதையும் கேட்கிறது.

அந்தச் சங்கீதத்தை இன்று ஒருமுறை முழுசாக வாசியுங்கள். பாடுகிறவர் எருசலேமில் இல்லை. யோர்தான் தேசத்திலும் எர்மோன் மலைகளிலும் இருந்து உம்மை நினைக்கிறேன் என்கிறார். தேவாலயத்துக்கு வெகு தூரத்தில், வடக்குக் கோடியில் இருக்கிறார். முன்பு பண்டிகைக் கூட்டத்தோடு களிப்பும் துதியுமாக ஆலயத்துக்குப் போய்வந்த நாட்களை நினைத்து நினைத்து உள்ளம் உருகுகிறது. நாலு மணி ஜெபத்தை நினைத்து நீங்கள் ஏங்குகிறீர்களே, அதே மாதிரி. அப்புறம் எர்மோன் எப்படிப்பட்ட இடம் என்று பாருங்கள். 2,800 மீட்டருக்கும் உயரமான, பனி மூடுகிற மலை. அதன் அடிவாரத்து ஊற்றுகளிலிருந்துதான் யோர்தான் நதி புறப்படுகிறது. "உமது மதகுகளின் இரைச்சலால் ஆழத்தை ஆழம் கூப்பிடுகிறது" என்று அவர் பாடும்போது காதில் தண்ணீர்ச் சத்தம். சுற்றிலும் தண்ணீர் இரைய, நடுவில் நின்றுகொண்டு எனக்குத் தாகம் என்கிறார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லார் கண்ணிலும் தண்ணீர் வழிய, நீங்கள் காய்ந்துபோய் உட்கார்ந்திருந்ததை எழுதியிருந்தீர்களே, அதை வாசித்ததும் எனக்கு இந்த மனிதர்தான் நினைவுக்கு வந்தார்.

அவருடைய தாகம் அந்தப் பாட்டுக்குள் தீரவே இல்லை. 42-ம் 43-ம் ஒரே பாட்டுதான் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற பல்லவி மூன்று தடவை வருகிறது. ஒருதடவை சொன்னதும் மனம் அடங்கியிருந்தால் மூன்று தடவை எதற்கு? கடைசி வரை "துதிக்கிறேன்" என்று அவர் வாயில் வரவில்லை. "இன்னும் நான் அவரைத் துதிப்பேன்" என்று, வரப்போகிற நாளுக்குத்தான் சொல்லிவைக்கிறார். இந்தப் பாட்டைத்தான் இஸ்ரவேல் சபை வேண்டாம் என்று தள்ளாமல் ஆராதனைப் புத்தகத்தில் சேர்த்துப் பாடியது.

சரி, அந்தச் சகோதரி சொன்ன "மறைவான பாவம்" விஷயத்துக்கு வருகிறேன். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. உங்களுக்கே தெரிந்த ஒரு குற்றம் இருந்தால், இன்றைக்கே அறிக்கையிட்டு விட்டுவிடுங்கள். மன்னிப்பு உண்டு, ஆறு மாதம் அழ வேண்டியதில்லை. அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றால், கிணறு தோண்டுகிற மாதிரி உள்ளே தோண்டிக்கொண்டே போகாதீர்கள். யோபுவிடம் அவருடைய மூன்று நண்பர்களும் இதையேதான் சொன்னார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது அந்த நண்பர்கள்மேல்தான்.

நம் சபைகளில் அதிகம் பேசாத ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த ஆசை. சிலுவையின் யோவான் என்று பெயர், ஸ்பெயின் தேசத்துத் துறவி. அவருடைய சொந்தத் துறவற சபையாரே 1577 டிசம்பரில் அவரைப் பிடித்துக் கொண்டுபோய் தொலேதோ நகரத்தில் ஒரு சின்ன அறையில் அடைத்தார்கள். ஒன்பது மாதம் போல அங்கே கிடந்து, 1578 ஆகஸ்டில் தப்பினார். அந்த இருட்டறையில்தான், மறைந்துபோன மணவாளனைத் தேடி அலைகிற ஒரு மணவாட்டியின் பாட்டை அவர் பாடத் தொடங்கினார். ஜெபம் வறண்டுபோனவர்களுக்கு அவர் பிற்பாடு சில அடையாளங்களை எழுதிவைத்தார். வறட்சி தேவனிடமிருந்து வந்ததா, சொந்த அசட்டையால் வந்ததா என்று பார்ப்பதற்கு. தேவனுடைய காரியங்களில் ருசி இல்லாமல் போனதுபோலவே உலகத்துக் காரியங்களிலும் ருசி இல்லை. முன்பு செய்ததுபோல் தியானிக்க முடியவில்லை. ஆனாலும் அவரைப் பற்றிய கவலை மட்டும் விடாமல் மனதைப் பிடித்து உலுக்குகிறது, பின்னுக்குப் போகிறோமோ என்ற பயத்தோடு. வெதுவெதுப்பானவனுக்கு இந்தக் கவலையே இருக்காது என்கிறார்.

உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். "டிவியும் பிடிக்கவில்லை, ஊர்ப் பேச்சும் பிடிக்கவில்லை. அவர் வேண்டும் என்று மட்டும் இருக்கிறது." பின்வாங்கிப் போனவள் இப்படி எழுத மாட்டாள், தங்கச்சி. வறட்சியால் ஒன்றரை வருஷம் தூக்கம் கெட்டுத் தவிப்பவளிடம் அன்பு செத்துப்போயிருக்கிறது என்றால் நான் நம்ப மாட்டேன்.

அந்த யோவானே இன்னொன்றும் சொல்கிறார். இப்படிப்பட்ட சோர்வில் உடம்பு சம்பந்தமான மனவாட்டமும் சேர்ந்திருக்கலாம் என்று. 400 வருஷத்துக்கு முந்தைய ஒரு துறவிக்கு இருந்த இந்தத் தெளிவு நமக்கும் வேண்டும். மூன்று வருஷமாக நீங்கள் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கவில்லை. மாதவிடாய் நிற்கிற வயது வேறு. எதுவுமே பிடிக்கவில்லை என்பதை ஒரு டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இது விசுவாசக் குறைவு ஆகாது. வாரத்துக்கு இரண்டு ராத்திரியாவது உங்கள் கணவரோ மகளோ மாமியாரைப் பார்த்துக்கொள்ளட்டும். இதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டியிருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

என் அப்பா பக்கவாதம் வந்து கிடந்த நாட்களில் எனக்கும் இப்படித்தான் இருந்தது. ஒரு ராத்திரி அவருக்குத் துணி மாற்றிவிட்டு, பாயில் முழங்கால் போட்டு நெற்றியைத் தரையில் வைத்தேன். "ஆண்டவரே" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அடுத்து எனக்குத் தெரிந்தது விடிந்த வெளிச்சம்தான். அப்படியே தூங்கியிருக்கிறேன். கண்ணாடியில் பார்த்தால் நெற்றி முழுக்கப் பாயின் கோரை வரி வரியாகப் பதிந்திருந்தது. ஜெபிக்காமல் தூங்கிவிட்டோமே என்று அன்றைக்கெல்லாம் குற்ற உணர்ச்சி. இப்போது நினைத்தால், அந்த வருஷத்தில் நான் செய்த உண்மையான ஜெபம் அதுதான் என்று தோன்றுகிறது. அவிலாவின் தெரேசா (1515–1582) ஜெபத்துக்கென்றே வாழ்ந்தவர். அவரே, ஜெப நேரத்தில் மணி எப்போது அடிக்கும் என்றுதான் சில வருஷம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன் என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆகவே நாலு மணி ஜெபத்தைக் கொஞ்ச நாள் பத்து நிமிஷமாகக் குறையுங்கள். சொந்த வார்த்தை வராவிட்டால் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், போதும். திருவிருந்துக்கு மட்டும் காய்ந்த கண்ணோடாவது போய்விடுங்கள்.

உங்கள் மகளின் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அவளிடம் சொல்லுங்கள், "ஆமாம், காதல் பாட்டுதான்" என்று. வெட்கப்பட ஒன்றும் இல்லை. உன்னதப்பாட்டு வேதத்துக்குள்தானே இருக்கிறது? "என் நேசருக்குக் கதவைத் திறந்தேன், என் நேசரோ இல்லை, போய்விட்டார்" என்று அதன் ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறது. பெர்னார்ட் என்ற பிரெஞ்சு மடாதிபதி 1135-இல் அந்தப் புத்தகத்தின்மேல் பிரசங்கம் தொடங்கினார். 1153-இல் அவர் சாகும்போது 86 பிரசங்கம் முடிந்து மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்துக்குத்தான் வந்திருந்தார். அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும், நம் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) எழுதிய பெத்லகேம் குறவஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். குறவஞ்சி என்றால், பவனி வரும் தலைவனைக் கண்டு ஒரு பெண் காதலில் வாடுவாள், குறத்தி வந்து குறி சொல்லுவாள். சாஸ்திரியார் தலைவனின் இடத்தில் கிறிஸ்துவை வைத்தார். அவருக்காக ஏங்குகிற பெண்ணுக்குத் தேவமோகினி என்று பெயர் வைத்தார். அவளுக்குக் குறி சொல்ல வருகிற குறத்தி யார் தெரியுமா? விசுவாசம். தலைவன் கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் அவளிடம் வந்து பேசுகிறவள் விசுவாசம்தான். உங்கள் மகளுக்குத் தமிழ்ப் பாடம் இருந்தால் அவளே உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும். அம்மாவும் மகளும் சேர்ந்து வாசிக்க நல்ல புத்தகம். பிரிவில் வாடுவது காதலில் ஒரு பகுதி என்று நம் பழைய பாட்டுகள் சொன்னதை அவர் சபைக்குள் கொண்டுவந்து வைத்தார் என்று நான் நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு காரியம். 42-ஆம் சங்கீதக்காரர் "ஏன் என்னை மறந்தீர்" என்று கேட்டது யாரை? "என் கன்மலையாகிய தேவனை நோக்கி" என்று அந்த வசனமே சொல்கிறது. நீங்கள் அதை என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அவரிடம் இன்னும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ஒன்றரை வருஷமாக அவரிடம் ஸ்தோத்திரம் மட்டும் சொல்லிவிட்டு, வலியை எல்லாம் இந்த நோட்டுத்தாளுக்கு வைத்திருந்தீர்கள். நான் நகல் எடுத்துக்கொண்டு உங்கள் கடிதத்தைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் "அக்கா" என்று வருகிற இடத்தை அடித்துவிட்டு "ஆண்டவரே" என்று எழுதுங்கள். மாமியார் தூங்கினபிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, முதல் வரியிலிருந்து ஓரத்தில் எழுதிய அந்தக் கடைசி வரி வரைக்கும் சத்தமாக அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் அக்கா