முப்பது மாதிரி போதுமா?

கேள்வி: இளங்கலையில் வேதியியல் படித்தேன். இப்போது மண், நீர் சுற்றுச்சூழல் மேலாண்மையில் முதுகலை. வயலில் போடும் உரத்தால் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறுகிறதா என்று பார்க்க ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள். உரம் போட்ட வயல் ஒன்று, போடாத வயல் ஒன்று, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கிணறு. வயலுக்கு முப்பது மண் மாதிரி எடுத்தால் போதுமா?

பதில்: முந்நூறு எடுத்தாலும் போதாது. ஒரே வயலில் முப்பது இடத்தில் தோண்டினால் அந்த வயலைப் பற்றி நன்றாகத் தெரியும், உரத்தைப் பற்றித் தெரியாது. ஒரு வயலில் களிமண் அதிகமாக இருக்கலாம், மற்றதில் போன பருவம் பயறு விளைந்திருக்கலாம். வித்தியாசம் எதனால் வந்தது என்று தேர்வாளர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? கணக்குப்படி உங்களிடம் இருப்பது வகைக்கு ஒரே ஒரு வயல். இந்தத் தவறுக்கு 1984-இல் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 'போலி மறுபதிவு' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். இன்றும் ஆய்வேடுகளில் அது வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரே வயலை நான்கு தொகுதியாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் உரமில்லாதது, பாதி அளவு, முழு அளவு என்று மூன்று பாத்தி. எதற்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். பாத்திக்கு எட்டுப் பத்து இடத்தில் ஆகரால் (மண்ணைத் துளைத்து எடுக்கும் கருவி) குத்தி, ஒவ்வொரு ஆழத்து மண்ணையும் தனித்தனி வாளியில் கலந்து, ஆழத்துக்கு ஒரு கூட்டு மாதிரி எடுத்தால் போதும். 12 பாத்தி, 90 செ.மீ. வரை மூன்று ஆழம், மூன்று முறை: மொத்தம் 108 மாதிரி. ஒரு ஆள் சமாளிக்கலாம்.

கிணறுகளை விட்டுவிடுங்கள். நீர்மட்டம் ஆழமாக இருந்தால், வேரைத் தாண்டிய நைட்ரேட் அங்கே போய்ச் சேரப் பல வருடம்கூட ஆகும். இன்று நீங்கள் மொள்ளும் தண்ணீர் எப்போதோ போட்ட உரத்தின் கதையைச் சொல்லும். ஆகவே கேள்வியைச் சுருக்கி, 'வேருக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது' என்று வைத்துக்கொள்ளுங்கள். கைடு மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

வேதியியல் படித்தவர்கள் கருவியில் காட்டும் அக்கறையை மாதிரிப் பையில் காட்டுவதில்லை. மாணவனாக இருந்தபோது ஒரு நாள் எடுத்த பைகள் அத்தனையையும் சாயங்காலம் வரை வெயிலில் நின்ற வண்டியில் விட்டுவிட்டேன். ஈர மண்ணில் நுண்ணுயிர்கள் சும்மா இருக்குமா? அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டே இருந்தன. அந்த நாள் எண்கள் குப்பைக்குப் போயின. எடுத்தவுடன் ஐஸ் பெட்டி, அப்புறம் 4 டிகிரி குளிரில், முடிந்தால் மறுநாளே 2 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் மண்ணின் நைட்ரேட்டைப் பிரித்தெடுப்பு. அதே பையிலிருந்து ஒரு கை மண்ணை மட்டும் 105 டிகிரியில் காய வைத்து ஈரம் பாருங்கள்.

பருமன் அடர்த்தியையும், அதாவது ஒரு கன செ.மீ. மண்ணில் எத்தனை கிராம் உலர்ந்த மண் இருக்கிறது என்பதையும், அளந்துவிடுங்கள். அது இல்லாமல் ஒரு கிலோ மண்ணுக்கு 10 மி.கி. நைட்ரேட் என்பது வெறும் எண். அடர்த்தி 1.4 என்றால், 30 செ.மீ. ஆழத்தில் அது எக்டேருக்கு 42 கிலோ.

அலகிலும் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மி.கி., அது நைட்ரேட்டாக. அமெரிக்க வரம்பு 10 மி.கி., அது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனாக; நைட்ரேட்டாக்கினால் சுமார் 44. இரண்டையும் ஒரே வரைபடத்தில் மாற்றாமல் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் மாதிரியைத் தொடுவதற்கு முன், மண்ணே போடாத பொட்டாசியம் குளோரைடு கரைசலை வடிதாளில் வடித்து அளந்து பாருங்கள். சில வடிதாள்களிலேயே நைட்ரஜன் இருக்கும்.