சிங்கப்பூரில் ஆறுதலாக ஒரு நாள்

கேள்வி: ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்று மனைவியுடன் கிளிநொச்சியில் வாழ்கிறேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் எங்களை இரண்டு வாரங்களுக்கு அழைத்திருக்கிறாள். நாளுக்கு நாலைந்து இடங்கள் என்று பட்டியலும் போட்டு அனுப்பிவிட்டாள். மனைவிக்கு முழங்கால் வலி. ஒரு நாளையாவது நாங்கள் இருவரும் தனியாக, ஓட்டமில்லாமல் கழிக்க விரும்புகிறோம். இவ்வளவு செலவழித்துப் போய் அப்படி இருப்பது வீணாகாதா?

பதில்: நிச்சயமாக வீணாகாது, ஐயா. வன்னியில் உங்கள் வயதுத் தம்பதியர் இருவரும் சேர்ந்து வீட்டைவிட்டுப் புறப்பட்ட நாள்களை எண்ணிப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை இடப்பெயர்வாகவோ, வைத்தியசாலைக்கோ செத்தவீட்டுக்கோ போனதாகவோ, கொழும்பில் ஒரு கடதாசிக்காக அலைந்ததாகவோதான் இருக்கும். ஒரு தேவையும் இல்லாமல் இருவரும் சேர்ந்து நடந்த நாள் அரிது. அந்த நாளைப் பட்டியலில் முதலிலேயே குறிக்கச் சொல்லுங்கள். பயணத்தின் கடைசிக்கு விட்டால், பொதி கட்டும் வேலை அதை விழுங்கிவிடும். போய் இறங்கிய மறுநாளும் வேண்டாம். அங்குள்ள நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது; அங்கே காலை ஏழு மணி என்பது கிளிநொச்சியில் அதிகாலை நாலரை. உடம்பு அதற்குப் பழகச் சில நாள்களாவது வேண்டும்.

ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். என் தெரிவு தாவரவியற் பூங்கா. 1859இல் அமைக்கப்பட்டு, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற அந்தப் பூங்கா காலை ஐந்து மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஓர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே நுழைவுச்சீட்டு வேண்டும். பூங்காவின் பெயரையே கொண்ட எம்.ஆர்.டி. (நகரப் புகையிரத) நிலையத்தில் இறங்கி உள்ளே போனால், சற்றுத் தூரத்திலேயே ஒரு குளம் வரும். பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 82 ஹெக்டேயர் என்பதால் முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணமே வேண்டாம். மாலை வேளையில் இரணைமடுக் குளக்கட்டில் இருப்பதுபோல அங்கே இருங்கள். மனைவி எழும்பும்போது நீங்களும் எழும்புங்கள்.

ஆசிரியராக இருந்த உங்களுக்கு அந்த மண்ணில் இன்னொன்றும் இருக்கிறது. இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877இல் வந்த இறப்பர்க் கன்றுகள் அங்கேதான் வளர்ந்தன. பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பால் வெட்டும் முறையைச் செம்மைப்படுத்தி, தோட்ட உரிமையாளர்களை இறப்பர் பயிரிடத் தூண்டினார். மலாயாவில் இறப்பர்த் தோட்டங்களும் புகையிரதப் பாதைகளும் பெருகிய அந்தக் காலத்தில்தான் நம்மவர் பலர் எழுதுவினைஞராகவும் புகையிரத ஊழியராகவும் கப்பலேறினார்கள். ‘மலாயாப் பென்சன்காரர்’ என்று ஊரில் சொல்லப்பட்டவர்களை நீங்கள் சிறுவயதில் அறிந்திருப்பீர்கள். அவர்களைப் பற்றி இருவரும் ஆறுதலாகக் கதைத்துக்கொண்டிருக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

வெயில் ஏறியதும் வெளியே வந்து எம்.ஆர்.டி.யின் டவுன்டவுன் பாதையில் ஏறினால், மூன்றாவது நிலையம் லிட்டில் இந்தியா. நிலையத்தை ஒட்டிய தேக்கா சந்தையில் தோசையோ சோறோ சாப்பிடலாம். நண்பகலில் கோயில்களில் நடை சாத்தியிருக்கும் என்பதால், சாப்பிட்டதும் வீட்டுக்குத் திரும்பி நித்திரை கொள்ளுங்கள். பிற்பகலில் இடியுடன் மழை வருவதும் அங்கே வழக்கம். மாலையில் உடம்பு இடங்கொடுத்தால், மகளுடன் சிலோன் ரோட்டிலுள்ள செண்பக விநாயகர் கோயிலுக்குப் போகலாம். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தமிழரின் முயற்சியால் எழுந்த கோயில் அது. மனம் இல்லையென்றால் அதையும் விட்டுவிடுங்கள்.

எம்.ஆர்.டி.க்குள் உண்பதும் தண்ணீர் உட்பட எதையும் குடிப்பதும் தண்டத்துக்குரிய குற்றம். வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால், வாய்ப் புகையிலை அந்த நாட்டில் தடைசெய்யப்பட்டது என்பதால் பெட்டியில் வைக்கவே வேண்டாம்.

மகளிடம் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளையின் வீட்டுக்குப் போகும் நம் தாய்மார், போன நாளிலிருந்து அடுப்படியிலேயே நின்று, கறிகளைச் சமைத்துக் குளிர்சாதனப் பெட்டியை நிரப்பிவிட்டுத்தான் திரும்புகிறார்கள். அன்றைக்கு மட்டும் உங்கள் மனைவி அடுப்படிக்குள் போகக்கூடாது. இரவுச் சாப்பாட்டை மகளே வாங்கி வரட்டும்.